பரபரப்பான பாரிஸ் தெருவில் ஆட்களை மறையவைத்த கேமரா: யார் இந்த லூயி டாகேர்?

1838-ல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம். பாரிஸ் நகரத்தின் நடுவே ஓடும் அகலமான ஒரு தெரு. பெயர், பூல்வார் து தாம்ப்ள். இரண்டு பக்கமும் மாடிக் கட்டிடங்கள், வரிசையாக மரங்கள். காலை நேரம். குதிரை வண்டிகளும் நடந்து போகிறவர்களுமாக எப்போதும் நெரிசலாக இருந்த தெரு அது. ஆனால், படத்தில் ஆளே காணோம். ஊரடங்கு போட்ட மாதிரி வெறிச்சோடிக் கிடக்கிறது.

கொஞ்சம் பெரிதாக்கி, இடது பக்கக் கீழ்ப்பகுதியைப் பாருங்க. நடைபாதை ஓரம் ஒருவர் ஒரு காலை உயர்த்தி வைத்தபடி நிற்கிறார். அவர் முன்னால் இன்னொரு உருவம் குனிந்திருப்பது மங்கலாகத் தெரிகிறது. ஒருவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொள்கிறார், இன்னொருவர் போட்டுவிடுகிறார். மனித உருவம் பதிவான மிகப் பழைய புகைப்படமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். நூற்றுக்கணக்கானோர் கடந்துபோன தெருவில், அந்த இரண்டு பேர் மட்டும் எப்படிப் படத்தில் நின்றார்கள்?

பதில் எளிது. மற்றவர்கள் எல்லோரும் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இவர்கள் ஓரிடத்தில் இருந்தார்கள்.

இன்று ட்ரைபாடும் ஃபில்டரும் வைத்துக்கொண்டு நகரத்தின் நடுவே லாங் எக்ஸ்போஷர் படம் எடுப்பது பலருக்குப் பிடித்த விஷயம். வண்டிகளின் விளக்குகள் சிவப்புக் கோடுகளாக ஓடும், கூட்டம் புகை மாதிரி கரையும். இந்தப் படத்தை எடுத்த லூயி டாகேருக்கு அது ஸ்டைல் கிடையாது. வேறு வழியே இருக்கவில்லை. அசைவைப் பிடிக்க முடியாத கேமராவை உலகத்துக்குக் கொடுத்த இந்த மனிதர், அதற்கு முன் வாழ்க்கையின் பெரும்பகுதியை அசைவைக் காட்டுவதற்காகவே செலவழித்தவர். அந்தக் கதை சுவாரஸ்யமானது. கொஞ்சம் சர்ச்சையும் உள்ளது.

மேடைத் திரையில் தொடங்கிய வாழ்க்கை

லூயி ஜாக் மாந்தே டாகேர், 1787 நவம்பர் 18 அன்று பாரிஸுக்கு அருகில் உள்ள கோர்மேய் ஆன் பாரிஸி என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது ஆவதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்துவிட்டது. குடும்பம் ஒர்லேயான் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் படம் வரைவதில் கை நன்றாக வந்தது. அங்கே ஒரு கட்டிடக் கலைஞரிடம் வேலை பழகச் சேர்த்தார்கள்.

பதின்பருவத்திலேயே பாரிஸுக்கு வந்துவிட்டார். ஆப்பரா அரங்கின் மேடைக் காட்சிகளை வடிவமைத்த தெகோத்தி என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு, பியர் பிரெவோஸ்ட் என்ற ஓவியரிடம் வேலை செய்தார். பிரெவோஸ்ட் வரைந்தவை பனோரமா ஓவியங்கள். வட்டமான கட்டிடத்தின் உட்சுவர் முழுக்க ஒரு நகரத்தை வரைந்து வைப்பார்கள். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால், அந்த நகரத்திலேயே நிற்பது போல இருக்கும். டிவியும் சினிமாவும் இல்லாத காலத்தில் இதுதான் ஊர் சுற்றிக்காட்டும் வித்தை.

இந்த வேலையில் டாகேர் கற்றுக்கொண்டது இரண்டு விஷயங்கள். ஒன்று, அளவு பிசகாமல் தூரத்தையும் ஆழத்தையும் காட்டுவது. இன்னொன்று, ஒளி எந்தப் பக்கம் இருந்து விழுகிறது என்பதை வைத்தே மனிதக் கண்ணை ஏமாற்ற முடியும் என்பது. 1810-ல் லூயிஸ் ஜார்ஜினா ஆரோஸ்மித் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸின் முக்கியமான மேடை வடிவமைப்பாளர்களில் ஒருவராக ஆனார். நாடகத்தைவிட மேடையில் எழும் நிலவையும் மறையும் சூரியனையும் பார்க்கவே கூட்டம் வந்தது என்று சொல்லும் அளவுக்குப் பெயர்.

அசையாத ஓவியத்தில் அசைவு

1822 ஜூலையில், சார்ல் மரி பூத்தோன் என்ற ஓவியருடன் சேர்ந்து டாகேர் ஒரு புதிய பொழுதுபோக்கைத் தொடங்கினார். பெயர் டயோரமா. இன்றைய பிளாஸ் து லா ரெபுப்ளிக் சதுக்கம் இருக்கும் பகுதியில் அதற்கென்றே ஒரு கட்டிடம் எழுந்தது.

பார்வையாளர்கள் இருட்டான அரங்கில் உட்காருவார்கள். எதிரே சுமார் 22 மீட்டர் அகலமும் 14 மீட்டர் உயரமும் கொண்ட ஓவியத் திரை. ஒளி ஊடுருவும் துணியில் முன்பக்கம் ஒரு காட்சி, பின்பக்கம் இன்னொரு காட்சி. கூரையிலும் திரைக்குப் பின்னாலும் உள்ள ஜன்னல்கள் வழியாக வெயில் உள்ளே வரும். கயிறும் கப்பியும் வைத்து மறைப்புகளையும் நிறக் கண்ணாடிகளையும் நகர்த்தினால், திரையில் வெளிச்சம் மாறும். முன்பக்க ஒளி குறைந்து பின்பக்க ஒளி கூடும்போது, பகல் இரவாகும். மூடுபனி விலகும். ஒரு காட்சி முடிந்ததும் பார்வையாளர்கள் அமர்ந்திருக்கும் தளமே மெல்லச் சுழன்று, அடுத்த காட்சியின் முன்னால் நிற்கும்.

இதில் 1834-ல் டாகேர் காட்டிய ஒரு காட்சியைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் உள்ள ஒரு தேவாலயத்தின் உட்புறம். பகல் வெளிச்சத்தில் வெறும் நாற்காலிகள். மெதுவாக இருட்டும். மெழுகுவத்திகள் எரியத் தொடங்கும். காலியாக இருந்த நாற்காலிகளில் ஆட்கள் தோன்றுவார்கள், நள்ளிரவுப் பூசைக்கு வந்த கூட்டம். பிறகு விடியும். மறுபடி நாற்காலிகள் காலி. யாரும் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. எல்லாம் ஒளி செய்த வேலை.

வெறும் இடத்தில் ஒளியை வைத்துக் கூட்டத்தை வரவழைத்தவர், நான்கு ஆண்டுகள் கழித்து, கூட்டமான தெருவைக் கேமராவால் காலி செய்தார்.

டயோரமா பெரிய ஹிட். 1823-ல் லண்டனிலும் ஒன்று திறக்கப்பட்டது. பாரிஸில் எதைச் சொன்னாலும் வால் மாதிரி ‘ரமா’ சேர்த்துப் பேசும் விளையாட்டு பரவியது. நாவலாசிரியர் பால்சாக் அதைத் தன் கதாபாத்திரங்களின் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டார்.

முன்னோடி நியப்ஸ்

டயோரமா ஓவியங்களுக்கு அளவு சரியாக வர, டாகேர் கேமரா அப்ஸ்கியூரா என்ற கருவியைப் பயன்படுத்தினார். ஒரு பெட்டி, முன்னால் ஒரு லென்ஸ். வெளியே உள்ள காட்சி உள்ளே கண்ணாடியில் விழும். அதன் மேல் தாளை வைத்து வரைந்துகொள்ளலாம். தெருவில் ஆட்கள் நடப்பதும் மரங்கள் ஆடுவதும் அப்படியே அந்தக் கண்ணாடியில் தெரியும். பெட்டியைத் திருப்பினால் போய்விடும். கண் முன்னால் விழும் இந்தப் பிம்பத்தைக் கையால் வரையாமல் அப்படியே தங்கவைக்க முடியாதா? இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

பாரிஸில் ஷெவலியே என்ற கண்ணாடிக் கடையில்தான் அவர் லென்ஸ் வாங்குவார். அதே கடையில் லென்ஸ் வாங்கிய இன்னொருவர், ஷலோன் சுர் சோன் என்ற ஊரைச் சேர்ந்த நிசெஃபோர் நியப்ஸ். டாகேரைவிட 22 வயது மூத்தவர். கடைக்காரர் மூலமாக நியப்ஸைப் பற்றித் தெரிந்ததும் டாகேர் அவருக்குக் கடிதம் எழுதினார்.

உண்மையில், இந்தத் துறையில் நியப்ஸ் ஏற்கெனவே நெடுந்தூரம் போயிருந்தார். தார் வகையைச் சேர்ந்த பிட்டுமென் என்ற பொருளை உலோகத் தகட்டில் பூசி, கேமராவுக்குள் வைத்தார். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடத்தை எண்ணெய் கலந்த கரைசலால் கழுவி எடுத்துவிடலாம். இப்படி 1826-27 வாக்கில் தன் வீட்டு ஜன்னலில் இருந்து எடுத்த காட்சிதான், இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கேமராப் படம்.

அதற்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? குறைந்தது எட்டு மணி நேரம். பல நாட்கள்கூட ஆகியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படத்தில் முற்றத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே படத்தில். சூரியன் வானத்தைக் கடந்துபோனதே ஒரு லாங் எக்ஸ்போஷராகப் பதிவாகிவிட்டது.

1829 டிசம்பரில் இருவரும் பத்தாண்டு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால், 1833-ல் நியப்ஸ் திடீரென இறந்துவிட்டார். அவருடைய மகன் இசிதோர் கூட்டாளி ஆனார். வேலை முழுக்க டாகேர் தலையில் விழுந்தது.

பாதரச ஆவி செய்த மாயம்

டாகேர் பிட்டுமெனை விட்டுவிட்டு வெள்ளிப் பக்கம் போனார். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு. அதைக் கண்ணாடி மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். பிறகு, ஒரு பெட்டியில் அயோடின் ஆவி படும்படி வைத்தால், தகட்டின் மேல் பொன்மஞ்சள் நிறத்தில் மெல்லிய படலம் உருவாகும். அதுதான் சில்வர் அயோடைடு. ஒளி பட்டால் மாறும் பொருள்.

ஆனால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படம் விழ மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருப்புமுனை வந்தது 1835 வாக்கில். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத தகட்டிலும் படம் மறைந்திருக்கிறது என்று டாகேர் கண்டுபிடித்தார். சூடாக்கிய பாதரசத்தின் ஆவியைக் காட்டினால், ஒளி பட்ட இடங்களில் மட்டும் பாதரசம் வெண்மையாகப் படிந்து, படம் எழுந்து வந்தது. அலமாரியில் உடைந்த வெப்பமானியில் இருந்து வந்த பாதரசத்தால் தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், அதற்கு ஆதாரம் கிடையாது.

இந்த ஒரு படிதான் எல்லாவற்றையும் மாற்றியது. கேமராவுக்குள் மணிக்கணக்கில் காத்திருந்த தகடு, இப்போது நிமிடக்கணக்கில் வெளியே வந்தது. இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. எழுந்த படம் மறுபடி வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடக் கூடாது. 1837-ல் அதற்கும் வழி கிடைத்தது. சாதாரண உப்புக் கரைசலில் கழுவினால் மிச்சமிருக்கும் அயோடைடு போய்விடும். அவ்வளவுதான், டாகேரோடைப் பிறந்துவிட்டது.

தெருவில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

டயோரமாவை ஒட்டியிருந்த தன் வீட்டின் மேல்மாடி ஜன்னலில் கேமராவை வைத்து, கீழே தெரிந்த பூல்வார் து தாம்ப்ள் தெருவை டாகேர் படம் பிடித்தார். அந்தத் தெரு முழுக்க நாடகக் கொட்டகைகள். மேடையில் தினமும் கொலையும் கொள்ளையுமாக நடந்ததால், ‘குற்றத் தெரு’ என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர். பாரிஸின் கலகலப்பான இடங்களில் ஒன்று.

கேமராவின் மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தது? நான்கைந்து நிமிடங்களில் தொடங்கி, பத்து நிமிடங்களுக்கு மேல் வரை மதிப்பிடுகிறார்கள். பேச்சுக்கு ஐந்து நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். 300 விநாடிகள்.

ஒருவர் சாதாரணமாக நடந்தால், ஒரு விநாடியில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போவார். அவர் உடல் அரை மீட்டர் அகலம் என்றால், தெருவின் ஒரு புள்ளியை அவர் மறைப்பது அரை விநாடிக்கும் குறைவாகத்தான். மீதி 299 விநாடிக்கு மேல் அந்தப் புள்ளியில் இருந்து கேமராவுக்குப் போனது வெறும் தரையின் வெளிச்சம். அதாவது, அந்த ஆளின் பங்கு 600-ல் ஒன்றைவிடக் குறைவு. தகட்டுக்கு அது கணக்கிலேயே வராது. நூறு பேர் அடுத்தடுத்து நடந்தால்கூட, தரை லேசாக மங்குமே தவிர, யாருடைய உருவமும் தெரியாது.

ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டவர் மட்டும் அந்த நேரத்தின் பெரும்பகுதி ஒரே இடத்தில் நின்றார். ஊன்றிய கால் நகரவே இல்லை. அது தெளிவாக விழுந்தது. கையும் தலையும் அவ்வப்போது அசைந்திருக்கும். அவை மங்கின. குனிந்து துலக்கியவரின் கை ஓயாமல் ஓடியது. அதனால் அவர் இன்னும் மங்கலானார். வேலை செய்யாமல் நின்றவர் தெளிவாகவும், வேலை செய்தவர் கலங்கலாகவும் பதிவான படம் இது. இருவருடைய பெயரும் யாருக்கும் தெரியாது.

இரவில் மட்டும் ஏன் கோடு விழுகிறது?

சரி, ஆட்கள் மறைந்துபோனால், இன்று நாம் எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் படங்களில் வண்டிகள் எப்படிக் கோடு கோடாகத் தெரிகின்றன?

எது அதிக வெளிச்சம் என்பதுதான் விஷயம். டாகேரின் தெருவில் தரை வெளிச்சமாக இருந்தது, அதைக் கடந்த ஆட்கள் இருண்ட துணியில் இருந்தார்கள். நிமிடக்கணக்கில் சேர்ந்த தரையின் வெளிச்சம் அவர்களை விழுங்கிவிட்டது. இரவில் நிலைமை தலைகீழ். சாலை இருட்டு. வண்டியின் விளக்கு ஒரு புள்ளியைக் கடக்க விநாடியில் சிறு பங்குதான் ஆகிறது. ஆனாலும் அந்தச் சிறு நேரத்தில் அது கொட்டும் ஒளி, இருண்ட சாலை அந்த நேரம் முழுவதும் தரும் ஒளியைவிட அதிகம். அதனால் விளக்கு போன வழி எல்லாம் கோடாகத் தங்கிவிடுகிறது. வண்டி மட்டும் காணாமல் போகிறது.

பகலில் இதே மாதிரி எடுக்க வேண்டும் என்றால், லென்ஸுக்கு முன்னால் ‘என்டி ஃபில்டர்’ என்ற கறுப்புக் கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். டாகேருக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய தகடே அவ்வளவு மந்தமானது. சில ஸ்மார்ட்போன்கள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. ஒரே நீண்ட ஷாட் எடுக்காமல், சின்னச் சின்ன ஃப்ரேம்களை வரிசையாக எடுத்து, மென்பொருளால் ஒன்றாகச் சேர்க்கின்றன. சுற்றுலாத் தலத்தில் எடுத்த பல படங்களை ஒப்பிட்டு, குறுக்கே வந்தவர்களை நீக்கும் வசதியின் அடிப்படையும் இதுதான். எல்லா ஃப்ரேமிலும் இருப்பது தங்கும். வந்து போனது நீங்கும்.

கண்டுபிடிப்பும் தீ விபத்தும்

டாகேரிடம் வேலை செய்யும் கருவி இருந்தது. ஆனால், அதை விற்பது எப்படி என்று தெரியவில்லை. செய்முறையை வெளியே சொன்னால் யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் யாரும் பணம் போட மாட்டார்கள். பங்கு போட்டு விற்கும் முயற்சி தோற்றது.

இந்த நேரத்தில் கைகொடுத்தவர் ஃபிரான்சுவா அரகோ. வானியல் அறிஞர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. 1839 ஜனவரி 7 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அவர் இந்தக் கண்டுபிடிப்பை அறிவித்தார். செய்முறை மட்டும் ரகசியம்.

அதே மார்ச் மாதம், தந்திக் கருவியைக் கண்டுபிடித்த அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ் பாரிஸில் இருந்தார். அவர் ஓவியரும்கூட. டாகேரின் வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்தார். ஆட்களும் வண்டிகளும் நிறைந்த தெரு வெறுமையாக இருப்பதையும், ஷூ பாலிஷ் போட்டவர் மட்டும் நிற்பதையும் கவனித்துத் தன் சகோதரர்களுக்கு எழுதினார். அது நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் வெளியானது. அந்த இரண்டு பேரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

மறுநாள், மார்ச் 8. பதிலுக்கு மோர்ஸின் தந்திக் கருவியைப் பார்க்க டாகேர் போயிருந்தார். அவர் அங்கே இருந்த நேரத்தில் டயோரமா தீப்பிடித்தது. பதினாறு ஆண்டு உழைப்பு, அத்தனை பெரிய ஓவியத் திரைகள், எல்லாம் எரிந்து போயின.

வருமானத்துக்கு இருந்த ஒரே வழி சாம்பலானது. அரகோ வேகமாக வேலை செய்தார். பிரெஞ்சு அரசு கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க், இசிதோர் நியப்ஸுக்கு 4,000 ஃபிராங்க் ஓய்வூதியம் தருவதென்று சட்டம் நிறைவேறியது. டாகேருக்குக் கூடுதலாகக் கொடுத்தது, டயோரமாவின் தொழில் ரகசியத்தையும் சேர்த்துத் தந்ததற்காக. 1839 ஆகஸ்ட் 19 அன்று, அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் முழுச் செய்முறையும் வெளியானது. உலகத்துக்கே இலவசப் பரிசு என்று பிரான்ஸ் பெருமையோடு சொன்னது.

ஆனால், சில நாட்களுக்கு முன்புதான் டாகேர் சார்பாக இங்கிலாந்தில் காப்புரிமை பதிவாகியிருந்தது. அதனால் ஆங்கிலேயர்கள் மட்டும் இந்த இலவசப் பரிசுக்குப் பணம் கட்ட வேண்டி வந்தது.

பெயர் யாருக்குச் சேர வேண்டும்?

டாகேர் வாழ்க்கையில் சங்கடமான பகுதி இதுதான். முதல் ஒப்பந்தத்தில் நியப்ஸின் பெயர்தான் கண்டுபிடிப்பாளராக இருந்தது. 1837-ல் போட்ட ஒப்பந்தத்தில், புதிய செய்முறை டாகேரின் பெயரை மட்டுமே தாங்கும் என்று எழுதப்பட்டது. பண நெருக்கடியில் இருந்த இசிதோர் மனம் இல்லாமலே கையெழுத்துப் போட்டார். 1841-ல், டாகேரோடைப் என்று தவறாகப் பெயரிடப்பட்ட கண்டுபிடிப்பு என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார்.

நியாயம் எந்தப் பக்கம்? கேமராவில் விழுந்த பிம்பத்தை முதலில் தங்கவைத்தவர் நியப்ஸ். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளி, அயோடின், பாதரசம் என்ற செய்முறை நியப்ஸ் செய்த முறை அல்ல. மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டு வந்தது டாகேர். அந்தப் படி இல்லாவிட்டால் புகைப்படம் மணிக்கணக்கிலேயே நின்றிருக்கும். இருந்தும், தொடங்கிவைத்தவரின் பெயரைக் கண்டுபிடிப்பின் பெயரில் இருந்து விலக்கியது டாகேருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

இன்னொருவரும் இருந்தார். பாரிஸில் அரசு ஊழியராக இருந்த இப்போலித் பயார். தாளில் நேரடியாகப் படம் எடுக்கும் முறையை அவரும் 1839-லேயே செய்து காட்டினார். டாகேருக்குக் கிடைத்த அங்கீகாரம் கிடைக்காத வருத்தத்தில், 1840-ல் தன்னையே தண்ணீரில் மூழ்கி இறந்தவர் போலப் படம் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட், நெகட்டிவில் இருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் உலகம் அந்த வழியில்தான் போனது. டாகேரோடைப்பில் ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு படம். பிரதி கிடையாது.

அசைவு எப்போது சிக்கியது?

செய்முறை வெளியான சில மாதங்களிலேயே, மற்றவர்கள் அதை வேகப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அயோடினோடு புரோமின் ஆவியையும் சேர்த்தால் தகடு பல மடங்கு வேகமாக வேலை செய்தது. வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் 1840-ல் வடிவமைத்த லென்ஸ், பழையதைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. நிமிடங்கள் விநாடிகளாகக் குறைந்தன. அதன்பிறகுதான் முகங்களைப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள் பெருகின. அப்போதும் தலை ஆடாமல் இருக்க, பின்னால் ஓர் இரும்புத் தாங்கி வைத்தார்கள். பழைய படங்களில் எல்லோரும் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையில் இல்லாத நொடியை மைப்ரிட்ஜ் படம் பிடிக்க 1878 வரை ஆனது. டாகேர் தெருவைப் படம் எடுத்து 40 ஆண்டுகள் கழித்து.

கடைசி ஆண்டுகள்

புகழ் உச்சியில் இருந்தபோதே டாகேர் பாரிஸை விட்டு விலகினார். 1840-ல் மார்ன் ஆற்றங்கரையில் உள்ள பிரி சுர் மார்ன் என்ற ஊரில் குடியேறினார். டாகேரோடைப்பின் அடுத்தகட்ட முன்னேற்றங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் கையில் நடந்தன. அவர் தன் பழைய வேலைக்குத் திரும்பினார். 1842-ல் அந்த ஊர்த் தேவாலயத்தின் பலிபீடத்துக்குப் பின்னால், ஒளி மாற மாறக் காட்சி மாறும் ஒரு டயோரமாவை வரைந்து கொடுத்தார். சிறிய தேவாலயம் நீண்டுகொண்டே போவது போலக் காட்டும் ஓவியம். டாகேர் வரைந்த டயோரமாக்களில் இன்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

1851 ஜூலை 10 அன்று, 63-வது வயதில், அதே ஊரில் டாகேர் இறந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் கண்ணாடித் தகட்டில் நெகட்டிவ் எடுக்கும் புதிய முறையை இங்கிலாந்தில் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டிருந்தார். பத்தே ஆண்டுகளில் டாகேரோடைப் பழங்காலப் பொருளாகிவிட்டது. பின்னாளில் ஈஃபிள் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் டாகேரின் பெயரும் உண்டு. நியப்ஸின் பெயர் இல்லை.

பூல்வார் து தாம்ப்ள் படத்தை 1839-ல் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்குக்கு டாகேர் அனுப்பிவைத்தார். அதே தெருவை வேறொரு நேரத்தில் எடுத்த இன்னொரு படமும் கூடவே போனது. அதில் அந்த இருவர் இல்லை. ஷூ பாலிஷ் தகடு மியூனிக்கில் பாதுகாக்கப்பட்டது. ஆனால், பிற்காலத்தில் அதைச் சுத்தம் செய்ய நடந்த முயற்சியில் பெரிய அளவில் சேதமாகிவிட்டது. நாம் இன்று போனில் பார்ப்பது, அதற்கு முன்பே அந்தத் தகட்டில் இருந்து எடுத்து வைத்திருந்த நகலின் வழியாக வந்த படம். பிரதி எடுக்கவே முடியாத முறையில் உருவான ஒரு படம், பிரதியால் பிழைத்தது.

தெருவும் பழைய மாதிரி இல்லை. 1860-களில் பாரிஸைத் திருத்தி அமைத்தபோது, நாடகக் கொட்டகைகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. டாகேரின் வீடு இருந்த பகுதியில் இப்போது பெரிய சதுக்கம். மெட்ரோ நிலையம், கூட்டம், போராட்டங்கள் என்று எப்போதும் பரபரப்பு. அங்கே ட்ரைபாடை வைத்து ஐந்து நிமிட எக்ஸ்போஷர் எடுத்துப் பாருங்க. கடந்துபோகும் ஆயிரம் பேரும் மறைந்துவிடுவார்கள். யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறவர், ஓரமாக உட்கார்ந்து எதையாவது விற்கிறவர், அசதியில் படிக்கட்டில் சாய்ந்தவர் மட்டும்தான் படத்தில் இருப்பார்கள்.

1838-லும் நடந்தது அதுதான்.